நண்பர் தீட்டிய சித்திரமும் தங்கை தீட்டிய சித்திரமும்

ஃபாக்லாந்து என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது 1982-ஆம் ஆண்டில் பிரித்தானியாவும் அர்ஜென்டினாவும் போரிட்ட தென் அட்லாண்டிக் தீவுகளே. 1690-இல் அத்தீவுகளிடையே உள்ள நீரிணையைக் கடந்த ஜான் ஸ்ட்ராங் என்ற கப்பல் தலைவர், தம் நாட்டுக் கடற்படையின் பொருளாளராயிருந்த ஃபாக்லாந்து பிரபுவின் பெயரை அதற்குச் சூட்டினார். நாளடைவில் தீவுகளுக்கும் அப்பெயரே நிலைத்தது. இக்கட்டுரை பேசவிருப்பது அந்தப் பிரபுவின் பாட்டனாரைப் பற்றி. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில், 1643 செப்டம்பர் 20-ஆம் நாள், நியூபரிக் களத்தில் முப்பத்து மூன்று வயதில் மாண்ட இரண்டாம் ஃபாக்லாந்து பிரபு லூசியஸ் கேரி அவர். போர்க்களத்தில் வாளேந்தியபடியே சமாதானத்திற்காக ஏங்கிய மனிதர் என்று ஆங்கில இலக்கியம் அவரை முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் போற்றி வருகிறது.

அப்புகழுக்கு மூலம் ஒரே ஒரு நூல். எட்வர்ட் ஹைட் என்ற இயற்பெயர் கொண்ட கிளாரண்டன் பிரபு எழுதிய கலக வரலாறே அது. கிளாரண்டன் ஃபாக்லாந்தின் உயிர்த்தோழர். மன்னர் தரப்பு தோற்றதும் 1646-இல் சில்லித் தீவில் அந்நூலைத் தொடங்கி, ஜெர்சித் தீவில் தொடர்ந்து எழுதினார். நண்பரின் மரணத்தைச் சொல்லும் ஏழாம் பகுதிக்கு வரும்போது வரலாற்றின் ஓட்டத்தையே நிறுத்திவிட்டுப் பக்கம் பக்கமாக அவரைப் பற்றிப் பேசுகிறார். உரைநடையில் எழுந்த கையறுநிலை என்று அப்பகுதியை நாம் அழைக்கலாம்.

ஆனால் அதே குடும்பத்தைப் பற்றி, ஏறத்தாழ அதே ஆண்டுகளில், இன்னொரு நூலும் எழுதப்பட்டது. பிரான்சின் வட எல்லையருகே உள்ள காம்ப்ரே நகரில் புனித ஆசீர்வாதப்பர் சபையைச் சேர்ந்த ஆங்கிலக் கன்னியர் மடம் ஒன்று இருந்தது. ஃபாக்லாந்தின் தங்கையர் நால்வர் அங்கே துறவு பூண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர், தம் பெயரைக் குறிப்பிடாமல், தம் தாயார் எலிசபெத் கேரியின் வாழ்க்கையை எழுதி வைத்தார். அது 1861-ஆம் ஆண்டு வரை அச்சேறவில்லை. ஆங்கிலம் படித்த கத்தோலிக்கரிடையேகூட அதை அறிந்தவர் மிகச் சிலரே. கிளாரண்டனின் சித்திரத்தை அந்தத் துறவியின் நூலோடு சேர்த்துப் படித்தாலொழிய லூசியஸ் கேரியின் முழு உருவம் நமக்குப் புலப்படாது என்பது என் துணிபு.

முதலில் கிளாரண்டனிடம் செல்வோம். அவர் தம் நண்பரை அழகராகக் காட்டவில்லை. குள்ளமான உருவம், நளினமற்ற நடை, காதுக்கு இனிமையற்ற குரல் என்று தொடங்குகிறார். இக்குறைகளை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவதால், பின்னர் அவர் சொல்லும் நிறைகளை நாம் நம்பத் தலைப்படுகிறோம். கிரேக்க மொழியில் தேர்ச்சி பெறும்வரை, தாம் பெரிதும் விரும்பிய லண்டன் மாநகரில் காலடி வைப்பதில்லை என்று உறுதிபூண்ட இளைஞர். ஆக்ஸ்போர்டுக்கு அருகே கிரேட் டியூ என்ற ஊரில் இருந்த தம் மாளிகையை அறிஞர்களுக்குத் திறந்து வைத்த பிரபு. விருந்தினர் எப்போது வந்தனர், எத்தனை பேர் தங்கியுள்ளனர் என்பதை உணவு மேசையில் அமரும்போதுதான் வீட்டுக்குரியவரே அறிவாராம். பிற்காலத்தில் ஆங்கிலத் திருச்சபையின் தலைமைப் பேராயரான கில்பர்ட் ஷெல்டன், ஆயர்களான ஜான் ஏர்ல், ஜார்ஜ் மார்லி, கவிஞர் சிட்னி கொடால்பின், இறையியலார் வில்லியம் சில்லிங்வர்த் ஆகியோர் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள். மறையின் பெயரால் ஐரோப்பா பற்றியெரிந்துகொண்டிருந்த நாள்களில், அங்கே மறையைப் பற்றிச் சினமின்றிப் பேச முடிந்தது.

அடுத்து அரசியல். பதினோராண்டுகள் பாராளுமன்றத்தையே கூட்டாமல் ஆண்ட முதலாம் சார்லஸ் மன்னர், 1640-இல் அதைக் கூட்ட நேர்ந்தது. ஃபாக்லாந்து அதில் மன்னரின் முறைகேடுகளை எதிர்த்தார். பாராளுமன்றத்தின் இசைவின்றிக் கப்பல் வரி தண்டியதற்குத் துணைநின்ற நீதிபதிகளைச் சாடினார். ஆயர்களின் அதிகார மிகையையும் கண்டித்தார். ஆனால் ஓராண்டுக்குள், எதிர்த்தரப்பும் வரம்பு மீறுவதாக அவருக்குத் தோன்றியது. ஆயர் அமைப்பையே வேரோடு களைய முனைந்தவர்களிடமிருந்து விலகினார். நீர் நேற்று ஒன்று சொன்னீர், இன்று வேறு சொல்கிறீரே என்று ஜான் ஹாம்டன் இடித்துரைத்தபோது, அன்று உம் சொல்லை நம்பியே பலவற்றை ஏற்றேன், அவை உண்மையல்ல என்று பின்னர் கண்டேன் என்னும் பொருள்பட விடையிறுத்தாராம். 1642 சனவரியில் மன்னரின் அரசுச் செயலாளர் ஆனார். அவ்வாண்டு ஆகஸ்ட் 22-இல் நாட்டிங்காமில் மன்னர் போர்க்கொடி ஏற்றியபின்னும், செப்டம்பரில் சமாதானத் தூது சுமந்து பாராளுமன்றத்திற்குச் சென்றவர் இவரே. தூது பயனற்றுப் போயிற்று.

இங்கேதான் கிளாரண்டனின் நூல் நம்மை ஈர்த்துப் பிடிக்கிறது. போர் தொடங்கியபின் அவர் நண்பர் உருக்குலைந்தார். முன்பு உடையில் கருத்தாயிருந்தவர் உடையை மறந்தார், இன்சொல்லர் சிடுசிடுப்பானார், முகம் வெளிறிற்று, உறக்கம் போயிற்று. நண்பர்களிடையே நெடுநேரம் மௌனமாய் அமர்ந்திருந்துவிட்டு, ஆழ்ந்த பெருமூச்சுடன் சமாதானம் என்ற சொல்லையே திரும்பத் திரும்ப உரத்த துயரக் குரலில் உச்சரிப்பாராம். விவிலியம் பயின்ற நம் காதில் அச்சொல் இரட்டிக்கும்போது இறைவாக்கினர் எரேமியாவின் நினைவு வருகிறது. எரேமியா சாடியது, காயத்தை ஆற்றாமலே எல்லாம் நலம் என்று சொன்ன போலிகளை. ஃபாக்லாந்தோ எல்லாம் நலம் என்று ஒருபோதும் சொல்லவில்லை. காயத்தை ஆற்றும் வழியும் அவரிடம் இல்லை. தாம் பணிபுரிந்த மன்னரின் வெற்றியையும் அவர் முழு மனத்தோடு விரும்பியதாகத் தெரியவில்லை. மன்னர் வென்றால் சட்டத்திற்கு என்ன நேரும் என்பதை அவர் அறிந்தே இருந்தார்.

அரசுச் செயலாளர் என்ற முறையில் இரண்டு செயல்கள் அவருக்குக் கைவரவில்லை என்கிறார் கிளாரண்டன். ஒற்றர்களை ஏவுதல் ஒன்று. ஐயத்துக்குரியவர் கடிதங்களைப் பிரித்துப் படித்தல் மற்றொன்று. நண்பராய் நடித்து நண்பரைக் காட்டிக்கொடுப்பவனுக்குக் கூலி கொடுக்க அவர் மனச்சான்று இடந்தரவில்லை. போர்க்கால அமைச்சர் ஒருவருக்கு இது எத்தகைய தகுதிக்குறைவு என்பதைக் கிளாரண்டன் உணர்ந்தே எழுதுகிறார்.

இவ்வளவும் அழகு. ஆயினும் ஓர் உண்மையை நாம் மறக்கலாகாது. அந்தப் பதவியை ஏற்கத் தயங்கிய ஃபாக்லாந்தை வற்புறுத்தி ஏற்கச் செய்தவர் வேறு யாருமல்லர், கிளாரண்டனே. அந்நேரத்தில் தமக்கு வந்த பதவியை அவர் மறுத்துவிட்டார். நண்பரை மட்டும் உள்ளே தள்ளினார். இதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். ஆனால் கலக வரலாற்றின் அந்தப் புகழ்மிக்க பக்கங்களில் இது வெளிப்படையாய் ஒலிப்பதில்லை. அங்கே குற்றம் முழுவதும் போரின்மீதும், போரை மூட்டிய பகைவர்மீதும் ஏற்றப்படுகிறது. இந்த ஒரு மனிதரின் இழப்புக்காகவே இப்போர் என்றென்றும் பழிக்கப்படத் தக்கது என்ற கருத்தில் அவர் முழங்கும் இடத்தில், முழக்கத்தின் அடியில் வேறொன்று அசைவதை நான் கேட்கிறேன். தம் வற்புறுத்தலால் நண்பர் ஏற்ற சுமையே நண்பரைக் கொன்றது என்ற குற்றவுணர்வு அது. அவ்வாறு படிக்கும்போது அப்பக்கங்களின் மதிப்பு குறைவதில்லை, கூடுகிறது. ஆனால் அவற்றை நடுநிலைச் சான்றாக ஏற்பவர் ஏமாறுவர்.

இனித் தங்கையின் நூல். அதன் தலைவி எலிசபெத் கேரி 1613-இல் அச்சான மரியம் என்னும் துன்பியல் நாடகத்தின் ஆசிரியை. ஆங்கிலத்தில் பெண்ணொருத்தி சொந்தமாய் இயற்றி அச்சேறிய முதல் நாடகம் அது. பெரிய ஏரோதின் மனைவி மரியம், கணவனுக்கு அஞ்சித் தன் உள்ளத்தை மறைக்க மறுத்து உயிர்விடும் கதை. எழுதியவருக்கே அக்கதை பலித்ததுபோல் ஆயிற்று. அயர்லாந்தில் மன்னரின் ஆளுநராயிருந்தவர் அவர் கணவர் முதல் ஃபாக்லாந்து பிரபு. 1626-இல் எலிசபெத் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தது வெளியானதும் கணவர் பொருளுதவியை நிறுத்தினார், பிள்ளைகளைப் பிரித்தார். பணியாளர் விலகினர். ஒரு பிரபுவின் மனைவி உணவுக்கே அல்லலுற்றார். அந்த நிலையிலும் கர்தினால் துய் பெரோனின் நூலை மொழிபெயர்த்து 1630-இல் துவே நகரில் அச்சிட்டார். அப்படிகள் இங்கிலாந்தில் எரிக்கப்பட்டன. அவர் தந்தை டான்ஃபீல்டு நீதிபதியும் மகளைத் தவிர்த்துவிட்டுப் பேரனுக்கே சொத்தை எழுதியிருந்தார். கிரேட் டியூ மாளிகை லூசியஸ் கைக்கு வந்தது அவ்வழியே. அறிஞர்கள் அமர்ந்து உரையாடிய அந்த மேசை, முறைப்படி அன்னைக்குச் சேர வேண்டிய வீட்டில் போடப்பட்டது என்பதைக் கிளாரண்டன் படிப்போர் அறிய வழியில்லை.

மகள் தாயைப் புகழ்ந்தே எழுதுகிறார் என்றாலும், புனிதர் வரலாறுகளில் நாம் பழகிய மெழுகுப் பூச்சு இந்நூலில் இல்லை. அன்னை ஏதோ சிந்தனையில் அறையில் உலாவிக்கொண்டிருப்பார். பணிப்பெண்கள் பின்னாலேயே நடந்து அவர் உடைக்கு ஊசி குத்த வேண்டியிருக்கும். அயர்லாந்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஏழைச் சிறாருக்குத் தொழில் கற்பிக்கத் தொடங்கிய திட்டம், பெரும்பொருள் விழுங்கிவிட்டுக் கவிழ்ந்தது. கணக்கு வழக்கில் அவர் எவ்வளவு கையாலாகாதவர் என்பதை மகள் ஒளிப்பதே இல்லை. ஒரு துறவி, மடத்துச் சகோதரிகள் படிப்பதற்காகத் தன் அன்னையைப் பற்றி இப்படி எழுதியிருப்பது வியப்புக்குரியது. நம் பங்குகளில் மறைந்த பெரியோர்க்கு வெளியிடப்படும் நினைவு மலர்களை எண்ணிப் பார்க்கிறேன். அவற்றில் பெரியோர் உண்டு; மனிதர் அரிது.

இரு நூல்களும் நேருக்கு நேர் மோதும் இடம் ஒன்று உண்டு. 1633-இல் தந்தை இறந்தபின், தங்கையர் தாயோடு வாழ்ந்து கத்தோலிக்கராயினர். இளைய தம்பியர் பேட்ரிக்கும் ஹென்றியும் அண்ணனின் கிரேட் டியூ மாளிகையில் இருந்தனர். அவர்களுக்கு ஆசிரியர் சில்லிங்வர்த். இவர் முன்பு கத்தோலிக்கராகித் துவே நகர்வரை சென்று, பின் மீண்டும் சீர்திருத்த சபைக்கே திரும்பியவர். கிளாரண்டனுக்கு இவர் இனிய நண்பர், சிறந்த வாதி. தங்கைக்கோ, கத்தோலிக்கராய் நடித்து வீட்டினுள் நுழைந்து தமக்கையரின் விசுவாசத்தைக் குலைக்க முயன்ற வஞ்சகர். 1636-இல் அன்னை ஒரு துணிவான காரியம் செய்தார். விடியுமுன் சிறுவர் இருவரும் எழுந்து, நடந்து சென்று, காத்திருந்த குதிரைகளில் ஏறி, ஆபிங்டன் வழியாகப் படகில் லண்டன் சேர்ந்தனர். பின்னர் கடல் கடந்தனர். அரசு அன்னையை விசாரித்தது. அவர் பிடி கொடுக்காமல் விடையளித்தார்.

கிளாரண்டன் இதைத் திருட்டு என்கிறார். கத்தோலிக்கரிடம் அதுவரை அன்பு பாராட்டிய ஃபாக்லாந்து, தம்பியரும் தங்கையரும் கவரப்பட்டபின் மனங்கசந்து உரோமைத் திருச்சபைக்கு எதிராக இரு நீண்ட உரைகளை எழுதியதற்கு இதுவே காரணம் என்கிறார். தங்கைக்கு இது மீட்பு. நாம் யார் பக்கம்? கத்தோலிக்கர் என்பதால் உடனே அன்னை பக்கம் சேர்ந்துவிடுவது எளிது. நானும் முதலில் அப்படியே சேர்ந்தேன். ஆனால் தன் கூரையின்கீழ் வளர்ந்த தம்பியர் ஒரு காலைப்பொழுதில் காணாமற்போனதை அறிந்த அண்ணனின் வேதனையையும் எண்ண வேண்டாமா? பெற்ற பிள்ளைகளைக் காண அன்னை இரவிருட்டில் ஆள் ஏவ வேண்டிய நிலையை உண்டாக்கிய சட்டம் எது என்று அந்த அண்ணனும் எண்ணியிருக்க வேண்டாமா? தம் வருகையால் வீடு இரண்டுபடும் என்று ஆண்டவர் சொன்னதை மத்தேயு நற்செய்தியில் நாம் ஞாயிறு வழிபாட்டில் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறோம். கேரி குடும்பம் அதை வாழ்ந்தது. இதில் ஹென்றி துறவியாகி நிலைத்தார். பேட்ரிக், திருத்தந்தை 8-ஆம் உர்பானின் உதவித்தொகை பெற்று உரோமையில் வாழ்ந்து, துவே மடத்தில் சிறிது காலம் தங்கி, அந்த வாழ்வு ஒத்துவராமல் இங்கிலாந்து திரும்பிக் கவிதை எழுதினார். இதையும் நாம் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு இங்கே முக்கியமாய்ப் படுவது வேறு. தங்கையின் நூலில் அண்ணன் பகைவராக வருவதில்லை. ஃபாக்லாந்தின் பண்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குக் கிளாரண்டன் தரும் விடை கல்வி, நூல்கள், நண்பர்கள் என்பது. அன்னையைப் பற்றி அவர் சொல்வது சிலவே: அறிவு மிக்கவர், ஆனால் உணர்ச்சிவயப்பட்டவர், உரோமைச் சபையால் நெறி பிறழ்ந்தவர். தங்கையின் நூலைப் படித்தபின் எனக்குத் தோன்றும் விடை வேறு. தனக்குச் சரியென்று பட்டதற்காக மாளிகை, சொத்து, கணவரின் ஆதரவு அனைத்தையும் இழந்த ஒரு பெண்ணின் மகன் அவர். ஏழ்மையான லெட்டிஸ் மாரிசனைத் தந்தையின் விருப்பத்திற்கு மாறாக மணந்தபோதும், சினந்த தந்தைக்குச் சொத்தையே விட்டுக்கொடுக்க முன்வந்தபோதும், ஒற்றருக்குக் கூலி தர மறுத்தபோதும் அன்னையின் குருதியே பேசிற்று. மறைக் கொள்கையில் எதிரெதிரே நின்ற இருவர், மனச்சான்றின் வகையில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருந்தனர்.

இனி அந்த மரணம். 1643 ஆகஸ்டில் மன்னர் படை க்ளாஸ்டர் நகரை முற்றுகையிட்டது. அரசுச் செயலாளர் பதுங்குகுழிகளில் தேவையின்றி நடமாடினார். இறையியலாரான சில்லிங்வர்த் அங்கே பழைய உரோமர் முறையில் முற்றுகைப் பொறி அமைத்துக்கொண்டிருந்தார் என்பது அக்காலத்தின் விபரீதங்களுள் ஒன்று. நண்பர்கள் தடுத்தபோது ஃபாக்லாந்து சொன்ன காரணம் சிந்திக்கத் தக்கது. சமாதானத்திற்காக இவ்வளவு பரிதவிப்பவன் கோழை என்று எவரும் எண்ணிவிடாதபடி, மற்றவரைவிட மிகுந்த ஆபத்தைத் தாம் ஏற்க வேண்டும் என்றாராம். முற்றுகை பலிக்கவில்லை. நகரை விடுவித்துத் திரும்பிய எசெக்ஸ் பிரபுவின் படையை நியூபரியில் மன்னர் படை மறித்தது. ஃபாக்லாந்து பைரனின் குதிரைப்படையில் தன்னார்வலராகச் சேர்ந்து முன்வரிசையில் நின்றார்.

அன்று காலை அவர் மனநிலை என்ன? கிளாரண்டன், மகிழ்ச்சியாய் இருந்தார் என்கிறார். பாராளுமன்றத் தரப்பினரான ஒயிட்லாக் வேறு கதை சொல்கிறார். தம் பிணம் அழுக்குடையில் கிடக்கலாகாது என்று தூய சட்டை கேட்டு அணிந்தார். நாட்டின் நிலை கண்டு சலித்துப்போயிருந்தார். இரவுக்குள் இதிலிருந்து விடுபட்டுவிடுவேன் என்றார் என்கிறார். இருவருமே களத்தில் இல்லாதவர்கள். களத்தில் இருந்த பைரன் சொல்வது சுருக்கம். உயர்ந்த வேலி, அதில் ஒரு குறுகிய இடைவெளி, அப்பால் துப்பாக்கி வீரர். பைரனின் குதிரை தொண்டையில் சுடப்பட்டது. அவர் வேறு குதிரை கேட்டுக்கொண்டிருக்கையில், ஃபாக்லாந்து முன்யோசனையைவிட வீரமே மிகுந்தவராய்த் தம் குதிரையைத் தட்டி அவ்விடைவெளியில் பாய்ந்தார். அவரும் குதிரையும் அங்கேயே வீழ்ந்தனர். உடல் மறுநாள்தான் கிடைத்தது.

இதைத் தற்கொலை என்று சொன்னவரும் உண்டு. காதலி ஒருத்தியின் சாவே காரணம் என்று ஆப்ரி வம்பு எழுதி வைத்தார், அதை விட்டுவிடலாம். ஆனால் முதல் கேள்வியைக் கத்தோலிக்கராகிய நாம் தட்டிக்கழிக்க முடியாது. தன்னுயிரைத் தானே மாய்ப்பதை அகுஸ்தீனார் கடவுளின் நகரம் முதல் பகுதியில் வன்மையாய்க் கண்டித்தார். சிம்சோனின் செயலையும் இறை ஏவல் என்ற ஒன்றினாலேயே விலக்கினார். தூய சட்டையை நாம் நம்பினால், ஃபாக்லாந்து சாவை நாடிச் சென்றார் எனலாம். பைரனை மட்டும் நம்பினால், அவர் ஒரு விவேகமற்ற குதிரைவீரர், அவ்வளவே. கிளாரண்டன் ஏன் மகிழ்ச்சியை வலியுறுத்துகிறார் என்பது இப்போது விளங்கும். நண்பரைத் தற்கொலைப் பழியிலிருந்து காக்கிறார்; தம்மையும் காக்கிறார். ஆனால் உடையை மறந்து திரிந்தவர் என்று தம் நண்பரைக் காட்டிய அவரது எழுத்தே, ஒயிட்லாக் சொல்லும் சட்டைக்கு வலுவூட்டிவிடுகிறது. அச்சட்டையை என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை.

ஆயினும் நம்பிக்கையிழப்பு என்ற சொல்லையும் நான் உச்சரிக்கத் தயங்குகிறேன். எட்ஜ்ஹில் போரில், ஆயுதம் எறிந்த பகைவரைத் தம் தரப்பார் கொன்றுவிடாமல் தடுத்துக் காத்தவர் அவர். பிறர் உயிரைக் காக்கும் வேகம் கடைசி மாதங்களில் தம் உயிர்மீதான அக்கறையின்மையோடு கலந்துவிட்டது. இரண்டையும் பிரித்துக் காட்டும் அளவுக்கு நுட்பமான எழுத்து கிளாரண்டனிடமும் இல்லை. 1877-இல் அவரைத் தெளிந்த அறிவின் தியாகியாகக் காட்டிய மாத்யூ ஆர்னால்டிடமும் இல்லை. ஆர்னால்டுக்குத் தேவைப்பட்டது தம் காலத்துக் கட்சிச் சண்டைகளைக் கண்டிக்க ஓர் உருவம், கிடைத்ததும் எடுத்துக்கொண்டார். இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் புனித ஸ்தேவான் மண்டபத்தில் ஃபாக்லாந்துக்குச் சிலை உண்டு. 1909-இல் வாக்குரிமை கோரிய பெண்ணொருவர் அதில் தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டபோது காலணியின் குதிமுள் உடைந்தது. அந்த ஊறு இன்றும் தெரிகிறதாம். எலிசபெத் கேரிக்கு அங்கே சிலை இல்லை.

மகன் சாகும்போது அன்னை இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1639-இல் லண்டனில் மறைந்த அவரை, அரசி என்றியேத்தா மரியாவின் சிற்றாலயத்தில் அடக்கம் செய்தனர். மகன் உடல் கிரேட் டியூ ஆலயத்தில், அக்காலத்தில் அடையாளக் கல்லும் இல்லாமல் புதைக்கப்பட்டது. சில்லிங்வர்த் அடுத்த சனவரியில் கைதியாகவே இறந்தார். பகைக் குருவானவர் ஒருவர் அவர் எழுதிய நூலையும் அவரோடு குழியில் எறிந்தார். காம்ப்ரே மடத்துக் கன்னியர் பிரெஞ்சுப் புரட்சியில் விரட்டப்பட்டு, 2024-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட கொம்பியேஞ் கார்மேல் கன்னியரோடு ஒரே சிறையில் அடைபட்டனர். கொலைக்களம் சென்ற அக்கன்னியர் விட்டுச்சென்ற ஆடைகளை அணிந்தே 1795-இல் தாய்நாடு திரும்பினர். தங்கை எழுதிய கைப்பிரதி பிரான்சிலேயே தங்கிவிட்டது. லீல் நகரின் ஆவணக் காப்பகத்தில் அதைக் கண்டெடுத்தபின்தான், ஃபாக்லாந்து பிரபுவுக்கு ஒரு தாய் இருந்தார் என்பது ஆங்கில இலக்கியத்துக்கு நினைவு வந்தது.